ஒரு மூச்சின் உரிமம்

வீட்டில் அவளுக்குப் பெயர் பொட்டலம். அக்கா வைத்த பெயர். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம், "அப்படி என்னதான் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து பண்றே?" என்று அக்கா கேட்டாள். இவளும் வெள்ளந்தியாக, "யார் யாரோ சும்மா எழுதிக் கொடுக்கற சாஃப்ட்வேரை வாங்கி, சரிபார்த்து, மத்தவங்க மெஷின்ல சிக்கலில்லாம இறங்கற மாதிரி பேக்கேஜ் கட்டித் தர்றேன்" என்றாள். "அதாவது பொட்டலம் மடிக்கறே" என்றாள் அக்கா. அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது. அத்தான்கூடத் தன் போனில் அவள் எண்ணை அந்தப் பெயரில்தான் வைத்திருந்தார்.

பகலில் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃபிரேமுக்கு ஏற்ற அளவில் லென்ஸ் தேய்ப்பவள். சம்பளம் அங்கேதான். பொட்டலம் மடிப்பது சம்பளமில்லாத வேலை. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் சில நூறு பேர் சேர்ந்து ஓர் இலவச இயங்குதளத்தை நடத்திவந்தார்கள். அதில் நாற்பத்தொரு மென்பொருள்களுக்கு அவள் பொறுப்பு. ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. பிறந்த நாளுக்கு வாழ்த்து வராது. ஒரு பொட்டலம் பிரிந்துகொண்டால் மட்டும் காலையிலேயே முப்பது கடிதம் வரும்.

அந்தக் கூட்டத்துக்குச் சில சட்டங்கள் உண்டு. அதில் தலையாயது, எந்த மென்பொருளும் அடுத்தவர் எழுதிய லைப்ரரியைத் தன் வயிற்றுக்குள் ஒளித்துக்கொண்டு வரக்கூடாது என்பது. லைப்ரரி என்றால் புத்தகசாலை அல்ல. ஒலி எழுப்ப, படம் காட்ட, எழுத்தை வரைய என்று பல மென்பொருள்களும் பொதுவாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும் துணை நிரல். ஆளுக்கொரு பிரதியைப் பதுக்கிவைத்தால், அதில் பாதுகாப்பு ஓட்டை ஒன்றைக் கண்டுபிடிக்கும் நாளில் ஐம்பது இடத்தில் அடைத்தாக வேண்டும். பொதுவில் ஒன்று இருந்தால் ஓரிடத்தில் அடைத்தால் போதும். ஐம்பது வீட்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி என்கிற கணக்கு.

அவளுடைய நாற்பத்தொன்றில் மிகவும் அழுக்கானது 'சொல்லி' என்ற மென்பொருள். திரையில் எழுதுவதைக் குரலாகப் பேசும். அதை எழுதியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஏழு வருடம் பழைய ஒலி லைப்ரரி ஒன்றை அப்படியே உள்ளே திணித்துவைத்திருந்தார். ஓட்டை உள்ள லைப்ரரி. ஒரு சனிக்கிழமை முற்பகல், அவள் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பொதுவில் இருக்கும் புதிய லைப்ரரியோடு 'சொல்லி'யை இணைத்தாள். எறிவதற்கு முன் ஒரு வேலை செய்ய வேண்டும்: உள்ளே இருந்த பிரதியையும் அதே வயதுள்ள அசலையும் ஒப்பிட்டு, மெக்கானிக் அதில் கைவைத்திருக்கிறாரா என்று பார்ப்பது. ஒப்பிட்டாள். பத்தொன்பதாயிரம் வரிகளிலும் வேறுபாடு என்று காட்டியது. மனிதர் முழு நிரலையும் ஏதோ ஒரு கருவியில் போட்டு வரிகளின் ஒழுங்கை மாற்றியிருந்தார். ஒவ்வொரு வரியும் இரண்டு எழுத்து தள்ளி நின்றது. முதல் இருநூறு வரிகளைப் பார்த்தாள். தள்ளி நிற்பதைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று விட்டுவிட்டாள். மாற்றக் குறிப்பில் எழுதினாள்: "உள்ளிருந்த பழைய பிரதி நீக்கப்பட்டது. வரி ஒழுங்கைத் தவிர மாற்றம் எதுவுமில்லை." ஒன்று இரண்டு மூன்று என்று அடித்தாள், 'சொல்லி' ஒன்று இரண்டு மூன்று என்றது. அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனாள். உடம்பே லேசானமாதிரி இருந்தது.

'சொல்லி'யை அவள் ஏற்றுக்கொண்டதே அக்காவுக்காகத்தான்.

அக்கா பஸ் டிப்போவில் டியூட்டி கன்ட்ரோலர். விடிகாலை ஐந்து மணிக்கு இருபத்தேழு டிரைவர்களுக்கு எந்த வண்டி, எந்த ரூட், எந்தச் சாவி என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். அவளுடைய பழைய குரலைக் கேட்டால் வண்டியே தானாக ரிவர்ஸ் எடுக்கும் என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது மூச்சு, கழுத்தடியில் சின்னத் துணி மூடியிட்ட துளை வழியாகப் போய்வருகிறது. ஆறு மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு ஒரு டேப்லெட்டைக் கழுத்தில் மாட்டி, இடுப்பில் ஸ்பீக்கரைச் செருகிக்கொண்டு அதே வேலைக்குத் திரும்பிப் போனாள். டிரைவர்கள் முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாம் வாரம் பழகினார்கள், மூன்றாம் வாரம் பழையபடி அவளிடம் திட்டு வாங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டேப்லெட் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. திங்கட்கிழமை எல்லாம் கெட்டது.

பொட்டலத்துக்கு அது வியாழக்கிழமை சாயங்காலம்தான் தெரியவந்தது. அக்கா கீழ்வீடு, அவள் மேல்வீடு. கடையிலிருந்து வந்தவள் அப்படியே அக்காவின் சமையலறையில் உட்கார்ந்தாள். அத்தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவரே ஆரம்பித்தார்.

"உங்க அக்காவை ரெக்கார்ட் ரூமுக்கு மாத்தப் போறாங்களாம். நாலு நாளா மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்கா. இன்னிக்குத்தான் கறந்தேன்."

"எதுக்கு?"

அக்கா கீழே பார்த்து அடித்துக்கொண்டிருந்தாள். பொட்டலம் அத்தானைப் பார்த்து, "யாரு, அந்த மேனேஜரா? அவரு நல்ல மனுஷன்னு சொன்னீங்களே..." என்று கேட்கும்போதே டேப்லெட் நடுவில் புகுந்தது.

"நல்ல மனுஷன்தான். அதான் கொஞ்சம் டைம் கொடுத்திருக்கார். வர்ற திங்கள் வரைக்கும்."

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. திங்கள் காலை இரண்டு டிரைவர்கள் தப்பான சாவியை எடுத்துப் போனார்கள். பதினாலாம் நம்பர் இருபது நிமிடம் தாமதம். செவ்வாய், புதனும் அப்படியே. அவள் பேசுவது யார் காதிலும் விழவில்லை. விழும்போது அவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருந்தார்கள். மேனேஜர் தனியே கூப்பிட்டு, ரெக்கார்ட் ரூமில் பேச வேண்டிய அவசியமே இருக்காது, நிம்மதியாக இருக்கலாம் என்று பரிவாகச் சொன்னாராம்.

"பரிவா சொன்னதுதான் பொறுக்கல" என்றது டேப்லெட்.

"ஸ்பீக்கர் சத்தம் குறைஞ்சிருக்கா?"

அக்கா தலையாட்டினாள். இல்லை. முழு சத்தம். அடித்தாள். "எனக்குத்தான் கை மெதுவாயிடுச்சு போல. ஆளுங்களுக்கும் அலுத்துப்போச்சு. எத்தனை நாள்தான் ஒருத்தி தட்டிக்கிட்டே இருக்கறத பார்த்துக்கிட்டு நிப்பாங்க."

அத்தான் குழாயை மூடினார். "அந்த ஹாரன் ஏதோ சொன்னான்னியே, அதைச் சொல்லு."

ஹாரன் என்பது டிரைவர்களிலேயே சத்தமானவன். அக்கா கொஞ்சம் தயங்கிவிட்டு அடித்தாள். "அவன் சொல்றான், முன்னாடியெல்லாம் நீங்க பேசப் போறீங்கன்னு எப்படியோ தெரியும் மேடம், இப்ப தெரிய மாட்டேங்குது, திடீர்னு பின்னாலேருந்து தோளைத் தட்டின மாதிரி இருக்குங்கறான். எப்படித் தெரியும்னு கேட்டா அவனுக்கே தெரியல."

பொட்டலத்துக்குச் சனிக்கிழமை தூக்கி எறிந்த பழைய லைப்ரரி நினைவுக்கு வந்தது. மாடிக்கு ஓடினாள்.

இந்த முறை வரி ஒழுங்கைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிடச் சொன்னாள். சனிக்கிழமையே செய்திருக்க வேண்டியது. ஒப்பிடும் கட்டளையில் ஒரே ஒரு எழுத்து கூடுதலாக அடித்திருந்தால் போதும். பத்தொன்பதாயிரம் வரி வேறுபாடு ஆவியாகிப் போனது. மிஞ்சியது ஒரே ஓர் இடம்.

தூங்கும் ஸ்பீக்கர் விழித்துக்கொள்ள அரை நொடி ஆகும். அதற்குள் பேசினால் முதல் சொல் அறுந்துபோகும். அதனால் ஒலி லைப்ரரிகள் முதலில் கொஞ்சம் மௌனத்தை அனுப்பி அதை எழுப்பும். மௌனம் என்பது வரிசையாகச் சுழியங்கள். அந்தச் சுழியங்கள் இருந்த இடத்தில் மெக்கானிக் ஆயிரக்கணக்கில் வேறு எண்களை வைத்திருந்தார். அவள் அவற்றை எடுத்து ஒலியாக்கிக் கேட்டாள்.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

அவ்வளவுதான். மெல்லிய, அவசரமில்லாத ஒரு மூச்சு. பேசப் போகிற மனிதர் எவரும் இழுக்கும் மூச்சு. திரையில் முதல் எழுத்தைத் தொட்டதும் அது கேட்கும். அதற்குப் பிறகு அடித்து முடிக்கப் பத்து வினாடி ஆனாலும் கேட்பவர்கள் காத்திருப்பார்கள், ஏன் காத்திருக்கிறோம் என்று தெரியாமலே. அக்காவுக்கு வாய்வழி மூச்சு போனபோது குரலோடு அதுவும் போனது. 'சொல்லி' அதைத் திருப்பித் தந்திருந்தது. பொட்டலம் அதைப் பெருக்கி வாரிக் கொட்டிவிட்டாள்.

இறங்கிவரும்போது படிக்கட்டு நீளமாக இருந்தது.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன். உன் மூச்சை எடுத்தது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். இருநூறு வரி பார்த்ததையும், மீதியைப் பார்க்காமல் பார்த்ததாக எழுதியதையும்கூட. அக்கா திரையைத் தொட்டாள். பொட்டலம் தவிப்பில், "சத்தியமா எனக்குத் தெரியாது..." என்றாள். அக்கா நிறுத்தி மறுபடி அடித்தாள். "நான் சரியா பார்த்திருக்கணும்..." என்று இவள் மறுபடி ஆரம்பித்தாள்.

"வாயை மூடுடி. பேச விடு" என்றது டேப்லெட்.

மூடினாள். அத்தான் துடைத்த தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் விரல்கள் நெடுநேரம் ஓடின.

"அப்ப தப்பு என் மேல இல்லையா? நாலு நாளா என் கையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். வயசாயிடுச்சுன்னு நினைச்சேன். ரெக்கார்ட் ரூமுக்கு எந்தச் செருப்பு போட்டுட்டுப் போறதுன்னுகூட யோசிச்சிட்டேன். அட கழுதை, நீதானா?"

அந்த இயந்திரக் குரல் எல்லாவற்றையும் செய்தி வாசிப்பதுபோலத்தான் சொல்லும். ஆனால் அக்காவின் தோள்கள் குலுங்கின. அவள் சிரித்தால் சத்தம் வராது; துணி மூடி மட்டும் படபடக்கும். பொட்டலத்துக்குத்தான் அழுகை வந்தது.

"பழசையே திரும்பப் போட்டுடேன்" என்றார் அத்தான்.

"போட முடியல அத்தான். பார்த்துட்டேன். ஞாயித்துக்கிழமை டேப்லெட் முழுசா புது வெளியீட்டுக்குப் போயிடுச்சு. பழைய பேக்கேஜுக்கு வேற ஒரு பழைய லைப்ரரி வேணும், அதுக்கு இன்னொண்ணு. ஒண்ணை இழுத்தா எல்லாம் சரியும். இன்னொரு விஷயமும் இருக்கு. கணக்குக்கு வந்தவங்க மட்டுமே இருநூத்திப் பன்னண்டு பேர் இதை வச்சிருக்காங்க. அவங்களுக்கும் மூச்சு போயிடுச்சு. என்ன போச்சுன்னே தெரியாது."

அக்கா அடித்தாள். "அவங்களுக்கும் மேனேஜர் இருப்பாங்க. எல்லாருக்கும் சேர்த்தே பண்ணு. திங்கட்கிழமைக்குள்ள."

வேலை என்னவோ சின்னதுதான். ஸ்பீக்கரை எழுப்ப மௌனத்துக்குப் பதில் எதை அனுப்பலாம் என்று சொல்லும் வசதி புதிய லைப்ரரியிலேயே இருந்தது. லைப்ரரியின் வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. மூச்சைத் தனிக் கோப்பாகப் பிரித்து, 'சொல்லி'யில் பதினொரு வரி சேர்த்தால் போதும். வெள்ளிக்கிழமை காலை கடைக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிட்டாள்.

முடிக்கும் இடத்தில்தான் இன்னொரு சட்டம் குறுக்கே நின்றது. பொட்டலத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் யார், எந்த உரிமத்தில் கொடுத்தார் என்று பட்டியலில் எழுத வேண்டும். நிரலுக்கு உரிமம் இருந்தது. ஆனால் இது நிரல் அல்ல. ஒரு மனித மூச்சு. யாருடையது? எங்கிருந்து வந்தது? எந்தப் படத்திலிருந்தாவது வெட்டி எடுத்ததாக இருந்தால் வெளியிட முடியாது.

'கோப்பு: மூச்சு. உரிமையாளர்:' என்று எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்தாள். தன் மூச்சையே பதிவுசெய்து வைத்துவிடலாம்தான். ஆனால் எடுத்தது எதுவோ அதைத்தான் திருப்பி வைக்க வேண்டும் என்று தோன்றியது. நான்கு வருடமாகப் புதிய பதிப்பு வெளியிடாத மெக்கானிக்குக்குக் கடிதம் எழுதினாள். மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்பதே நிச்சயமில்லை.

பதில் மத்தியானம், லென்ஸ் சுழலும்போது வந்தது.

"அன்புள்ள அம்மா, உங்கள் கடிதத்தை ஒரு லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு படித்தேன். லைப்ரரிக்குள் கைவைத்ததும் தப்பு, குறிப்பு எழுதாமல் விட்டது அதைவிடத் தப்பு. அப்போது எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் மனைவிக்கும் தொண்டையில்தான் ஆபரேஷன். சாப்பாட்டு மேஜையில் நானும் பிள்ளைகளும் அவளைப் பேசவிடாமல் பேசிக்கொண்டே இருந்தோம். வேண்டுமென்று இல்லை, அவள் பேசப்போவது தெரியவில்லை. ஒருநாள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். மூச்சு என்னுடையது. துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பதினேழு முறை பதிவுசெய்தேன். அவள் தேர்ந்தெடுத்தது ஒன்பதாவதை. மற்றதெல்லாம் நான் சண்டைக்கு முன்னால் இழுக்கிற மூச்சு மாதிரி இருக்கிறதாம். இன்றும் அவள் என் மூச்சை இழுத்துத்தான் என்னைத் திட்டுகிறாள். உரிமம் கேட்டிருக்கிறீர்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். திருப்பித் தர வேண்டியதில்லை."

அவள் அந்த லென்ஸை ஒரு சுற்று அதிகம் தேய்த்துவிட்டாள். ஃபிரேமில் லொடலொடவென்று ஆடியது. வேறு எடுக்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை, புதிய கோப்பு உள்ள பொட்டலத்தை இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்பதால், கூட்டத்தில் முள்ளம்பன்றி என்று பெயரெடுத்த ஒருவரிடம் போனது. கமா விட்டிருந்தால்கூடக் குத்துகிறவர். இரண்டு மணி நேரத்தில் பதில் எழுதினார்: "மூச்சுக்கு உரிமம் வாங்கிய முதல் ஆள் நீங்கள்தான். பட்டியல் சரி. ஆனால் மாற்றக் குறிப்பில் சென்ற வாரம் எழுதிய பொய் அப்படியே நிற்கிறது." பொய் என்ற சொல் சுருக்கென்றது. சுருக்கென்று இருக்க வேண்டியதுதான். புதிய குறிப்பை எழுதினாள்: "சென்ற பதிப்பில் மாற்றம் எதுவுமில்லை என்று எழுதியது தவறு. நான் முழுவதும் பார்க்கவில்லை. பேசும் முன் வரும் மூச்சு அதனால் தொலைந்தது. இந்த வாரம் உங்கள் பேச்சை யாரும் கேட்கவில்லை என்றால், காரணம் நீங்கள் அல்ல." முள்ளம்பன்றி கடைசி வாக்கியம் குறிப்பின் நடைக்குப் பொருந்தாது என்று எழுதினார். பிறகு அடுத்த வரியில், இருக்கட்டும் என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டேப்லெட் மறுபடி புதுப்பித்துக்கொண்டது. பொட்டலம் அக்காவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள்.

"இப்ப எந்த மூச்சை வேணும்னாலும் வைக்கலாம்க்கா. தனிக் கோப்புதானே. நான் வேணா என்னோடத..."

அக்கா திரையைத் தொட்டாள். அந்த மூச்சு கேட்டது. அத்தான் பேப்பரைத் தாழ்த்தினார், பொட்டலம் நிறுத்திக்கொண்டாள்.

"உன் மூச்சு வேணாம். நீ எப்பவும் மாடிப்படி ஏறி வந்தவ மாதிரிதான் பேசுவே. உங்க அத்தான் மூச்சுல பாதி குறட்டை. முகம் தெரியாத மனுஷனா இருந்தாலும் அவரு பொறுமையா இழுத்திருக்காரு. எனக்குப் பழகிடுச்சு. அதுவே இருக்கட்டும்."

"நான் என்ன குறட்டை விட்டேன்?" என்றார் அத்தான்.

திங்கட்கிழமை விடியலில் பொட்டலமும் கூடவே டிப்போவுக்குப் போனாள். நீளமான அறை, சுவர் நிறையச் சாவிகள், ஆளாளுக்குக் கையில் காகிதக் கோப்பையில் டீ. இருபத்தேழு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஹாரன், ஏதோ ஒரு வண்டியின் பிரேக்கைப் பற்றி அதன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தான். வாசலில் மேனேஜர் வந்து நின்றார். கையில் மடித்த தாள் ஒன்று.

அக்கா மேஜைக்குப் பின்னால் நின்று கீழே பார்த்தாள். ஒரு விரலால் திரையைத் தொட்டாள்.

மூச்சு கேட்டதா என்றுகூடப் பொட்டலத்தால் நிச்சயமாகச் சொல்ல முடியாது, அத்தனை இரைச்சல். ஆனால் முன்வரிசை அடங்கியது. பிறகு அதற்குப் பின்னால் இருந்தவர்கள். ஹாரன் பாதிச் சொல்லில் நின்றான், ஏன் நின்றோம் என்று தெரியாத முகத்தோடு. டேப்லெட்டை யாரும் பார்க்கவில்லை; எல்லோரும் அக்காவையே பார்த்தார்கள். அவள் அவசரப்படவில்லை. பொட்டலம் மனதுக்குள் எண்ணினாள். பதினொரு வினாடி.

"ஹாரன், உனக்கு இன்னிக்குப் பதினாலு இல்ல, இருபத்திரெண்டு. மூஞ்சிய தூக்கி வச்சுக்காதே, அந்த வண்டி பிரேக்கு நல்லாத்தான் இருக்கு. உன் காலைத்தான் செக் பண்ணணும்."

சிரிப்பு கிளம்பியது. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த மூச்சு, மறுபடி அமைதி. ஒவ்வொருவராகச் சாவி வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். முற்றத்தில் இன்ஜின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமின. பதினாலாம் நம்பர் நேரத்துக்குக் கிளம்பியது.

அறை காலியானதும் மேனேஜர் அருகே வந்தார். "அந்த ரெக்கார்ட் ரூம் விஷயம்..." என்று தொண்டையைச் செருமினார்.

அக்கா திரையைத் தொட்டாள். மூச்சு கேட்டது. அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கையில் இருந்த தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவரைப்போல அமைதியாக நின்றார். அக்கா நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, தேவைக்கும் மெதுவாகவே அடித்துக்கொண்டிருந்தாள். அவர் காத்திருந்தார்.